கழல மறுத்த விசிறி

போன வாரம் என் வேலை எப்படிப் போனது என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் சொல்ல வரும்.

1. ஏழுமலையின் விசைப்படகு ஓடும்போது நடுங்குகிறது என்று எங்கள் பட்டறைக்குத் திரும்பி வந்தது. கட்டியதும் நாங்கள்தான்.

2. முதுநகர்க் கரையில் படகை மேலே இழுத்துப் பார்த்தோம். பின்பக்க பேரிங் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. அதை மாற்ற முதலில் புரொப்பல்லரை — பட்டறையில் விசிறி என்கிறோம் — அதைச் சுழற்றுகிற எஞ்சின் தண்டிலிருந்து கழற்ற வேண்டும்.

3. விசிறி கழலவில்லை.

4. பெரிய சுத்தியலால் நாலு போடு போடலாம் என்றார்கள். கூடாது என்றேன்.

5. ஒரு புல்லர், அதாவது இழுத்துக் கழற்றுகிற கருவி, கடன் வாங்கி வந்தேன். அது நுழையவில்லை.

6. நாங்களே ஒரு புல்லர் செய்தோம்.

7. விசிறி கழன்றது. நிஜமான சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

என் வேலை பற்றிப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்கு ஒரு வரி: சிதம்பரத்திலிருந்து தினமும் காலை ரயிலில் முதுநகர் போய், படகு கட்டும் பட்டறையில் வரைபடம் போடுகிறேன். மெக்கானிகல் டிப்ளமோ. படகுக்காரர்கள் என்னை 'டிராயிங் அம்மா' என்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதைவிட அதுவே எனக்கும் சௌகரியம்.

ஏழுமலை பல வருஷம் அடுத்தவர் தோணியில் ஆளாகப் போனவர். இந்தப் படகுதான் அவருடைய முதல் சொந்தப் படகு. இது மாசி மாதம்... வாடை அடங்கி, கடல் படிந்து, மீன் கரைக்குக் கிட்டே வருகிற நேரம். சனிக்கிழமைக்குள் விசிறி கழலாவிட்டால் தண்டை அறுத்துவிடலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அறுத்தால் புதுத் தண்டு வெளியூரிலிருந்து வர வேண்டும். எப்போது வரும்? யாருக்கும் தெரியாது. அதற்குள் சீசன் முடிந்துவிடும். ஏழுமலை மறுபடியும் யாருடைய தோணியிலோ ஆளாகப் போக வேண்டியதுதான்.

சரி, சுத்தியல் ஏன் கூடாது? தண்டின் நுனி கூம்பாக இருக்கும். விசிறியின் துளையும் அதே கூம்பு. இரண்டும் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டிருக்கும். அடித்தால் விசிறியின் இதழ் வளையும், அல்லது உள்ளே கியர் பெட்டி அடி வாங்கும். அடிக்கக் கூடாது, இழுக்க வேண்டும். அதற்குத்தான் புல்லர். தண்டின் நுனியில் ஒரு போல்ட் முட்டுக்கொடுக்கும். விசிறிக்குப் பின்னால் மாட்டிய கொக்கிகள் அதை இழுக்கும். போல்ட்டைத் திருகத் திருக, விசிறி வெளியே வந்துதான் ஆக வேண்டும்.

சிதம்பரத்தில் ஒரு பஸ் பட்டறையில் கேட்டு வாங்கினேன். துணிப்பையில் போட்டு ரயிலில் கொண்டுவந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் பையை நகர்த்திப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன அம்மிக் குழவியா என்று கேட்டார். அவ்வளவு தூரம் சுமந்தும் பயனில்லை. விசிறிக்கும் பேரிங்குக்கும் நடுவே சுண்டுவிரல்தான் போகும். பஸ் புல்லரின் கொக்கியோ என் மணிக்கட்டுத் தடிமன்.

அன்று மாலையே ஒரு படம் போட்டேன். இரண்டு இரும்புப் பிளேட்டுகள். ஒன்றில் லாடம் மாதிரி வாய் வெட்டி விசிறிக்குப் பின்னால் செருகுவது, மற்றது முன்னால், தண்டின் நுனியில் முட்டி நிற்பது. விசிறிக்கு மூன்று இதழ். இரண்டு பிளேட்டையும் சேர்த்து இறுக்க, இதழ்களுக்கு நடுவே மூன்று நீளமான போல்ட்டுகள். கீரப்பாளையத்தில் ரைஸ் மில் சாமான் கடைகிற ஒரு லேத் பட்டறைக்காரர் செய்து தந்தார். இதை யார் வரைந்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அங்கே வேறு யார் பெயராவது இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

சனிக்கிழமை காலை எங்கள் ஃபிட்டர் ஜமால் பிளேட்டுகளை மாட்டினார். தண்டில் விசிறியைப் பிடித்திருக்கிற நட்டை முழுசாகக் கழற்றாமல் கொஞ்சம் தளர்த்தி மட்டும் வைத்தோம். விசிறி திடீரென்று தெறித்து வந்தால் காலில் விழக் கூடாதே. மூன்று போல்ட்டையும் மாற்றி மாற்றி இறுக்கினார். அசையவில்லை. புளோலாம்ப்பைப் பற்றவைத்து விசிறியின் நடுப்பாகத்தைச் சூடாக்கலாம் என்றேன்.

அப்போது ஏழுமலையின் மனைவி அஞ்சலை சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றார். நெருப்பு வைத்தே தீர வேண்டுமா என்று கேட்டார். படகு மரமாயிற்றே என்ற பயம் என்று நினைத்து, ஈரச் சாக்கு சுற்றியிருப்பதைக் காட்டினேன். அவர் சாக்கைப் பார்க்கவில்லை. விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சூடு ஏறியது. ஜமால் இன்னொரு கால் சுற்று இறுக்கினார். 'டொக்' என்று ஒரு சத்தம். விசிறி நட்டில் வந்து முட்டி நின்றது. கரையில் இருந்தவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது. விசிறியைக் கீழே இறக்கினோம்.

தண்டின் மேல், ஒரே ஒரு பக்கத்தில், அப்பளமாக நசுங்கி ஒரு செப்புத் தகடு ஒட்டிக்கொண்டிருந்தது.

தொழில் தெரிந்தவர்களுக்கு அது என்னவென்று உடனே தோன்றும். விசிறியின் துளையைப் பெரிதாகக் கடைந்துவிட்டால், அதை மறைக்கச் சில ஃபிட்டர்கள் இப்படித் தகடு வைத்து அடைப்பது உண்டு. விசிறி கோணலாக உட்காரும்; படகு நடுங்கும்; பேரிங் ஒரு பக்கமாகத் தேயும். எல்லாம் சரியாகப் பொருந்தியது. இந்தப் படகுக்கு விசிறி மாட்டியவர் ஜமால்தான். ஏழுமலை ஜமாலைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"ஒட்டு வெச்சுத்தான் எனக்குக் குடுத்தியா மச்சான்?" ஏழுமலையின் குரல் உயரவே இல்லை. "தொள பெருசாப் போச்சுன்னு சொல்லியிருந்தா, நான் என்னா உன்ன அடிச்சிடவா போறேன்?"

"அல்லா மேல ஆணையா நான் வைக்கல."

இருவரும் தினம் ஒரே கடையில் டீ குடிக்கிறவர்கள். தூக்கைக் கீழே வைத்துவிட்டு அஞ்சலைதான் முன்னால் வந்தார்.

"அவர ஏன் கேக்குற? நான்தான் வெச்சேன்."

விஷயம் இதுதான். அவர்கள் வீட்டில் தோணி கட்டினால் மந்திரித்த செப்புத் தகடு ஒன்றைப் பாய்மரம் நடுகிற குழியில் வைப்பார்கள். ஏழுமலையின் அப்பா தோணிக்கும் அப்படித்தான். படகு இறங்குவதற்கு முதல் நாள் விசிறியை லேசாகத் தள்ளி மாட்டிவிட்டு, நட்டைக் காலையில் இறுக்கலாம் என்று எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கிறோம். அஞ்சலை வந்து, இடுக்கில் தகட்டைச் செருகி, கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். காலையில் ஜமால் நட்டை இறுக்கினார். தகடு உள்ளே போய்விட்டது.

"எடமா இல்ல?" என்றார் ஏழுமலை. "போயும் போயும் அங்கதான் வெக்கணுமா?"

"பாய்மரம் இருந்தா அதுக்கடியில வெச்சிருப்பேன். நீ மரமே இல்லாத படகு வாங்கியாந்தா நான் எங்க போய் வெக்கிறது?"

முதலில் சிரித்தவர் ஜமால்தான். பிறகு ஏழுமலையும் சிரித்து, ஜமாலின் தோளில் கையைப் போட்டார். மன்னிப்பு என்ற வார்த்தையை இருவருமே சொல்லவில்லை. தேவைப்படவும் இல்லை போலிருக்கிறது.

அஞ்சலைக்குத்தான் இன்னும் தீரவில்லை. தகட்டை மறுபடி அங்கேயே வைக்க வேண்டும் என்றார். வைத்தால் மறுபடியும் நடுங்கும், பேரிங் மறுபடியும் போகும் என்றேன். எஞ்சின் உட்கார்ந்திருக்கிற கட்டையில் பதித்துவிடலாமே என்று கேட்டேன். வேண்டாம் என்றார். எஞ்சின் சும்மா சத்தம்தான் போடுகிறதாம்.

நான் சாதாரணமாக இந்த இடத்தில் பேச்சை முடித்துக்கொள்கிறவள். ஆனால் யோசித்துப் பார்த்தேன். பாய்மரம் போய்விட்டது; இந்தப் படகை எது தள்ளுகிறது? பட்டறையில் ஒருவரையும் கேட்காமல் அஞ்சலை அதற்குச் சரியான விடையைக் கண்டுபிடித்திருக்கிறார். விடை சரி. இடம்தான் நூல் பிசகினாலும் தாங்காத இடம். நாங்கள் பாய்மரத்தை எடுத்துவிட்டுப் படகின் அமைப்பை மாற்றினோம்; அதில் எல்லாவற்றுக்கும் இடம் குறித்தோம் — ஆணிக்கு, போல்ட்டுக்கு, தண்ணீர் இறைக்கிற குழாய்க்கு. இதற்கு மட்டும் குறிக்கவில்லை. குறிக்காத சாமான் தானாகவே ஒரு இடம் தேடிக்கொள்ளாதா?

அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போறதுக்கா நான் இத வெச்சேன்? திரும்பி வரணும்னுதாம்மா வெச்சேன். படகத் திருப்புறது எது? அதச் சொல்லு."

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. சுக்கான் என்றேன்.

ஜமால் தகட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டி நேராக்கினார். தண்டில் மசி தடவி, விசிறியை ஏற்றி இறக்கி, சுற்றிலும் ஒரே மாதிரி படிகிறதா என்று பார்த்தோம். படிந்தது. துளையில் ஒரு குற்றமும் இல்லை. புது பேரிங் போட்டோம்.

இன்றைய நிலவரம்: படகு நடுங்கவில்லை. ஏழுமலை தினமும் கடலுக்குப் போகிறார், திரும்புகிறார். தகடு சுக்கானின் தலையில் இரண்டு பித்தளை ஆணிகளோடு இருக்கிறது. அடுத்த படகுக்கு நான் போட்ட வரைபடத்தில் சுக்கானின் தலையில் ஒரு சின்னச் சதுரம் இருக்கிறது. அது எதற்கு என்று மேனேஜர் இன்னும் கேட்கவில்லை.