பதினாலு படிக்கு ஒரு கைப்பிடி

டெய்லரம்மாவின் தையல் அறையில் ஆணியில் ஒரு கத்திரிக்கோல் தொங்கும். துணிக்கு மட்டும்தான் அது. யாராவது அதில் காகிதம் வெட்டினால் முனை மழுங்கி, பிறகு பட்டுத்துணியைக் கடித்து இழுக்கும் என்பது அவள் கட்சி. கல்யாணமான புதிதில் கணவர் தெரியாத்தனமாக அதில் ஒரு பழைய காலண்டரை வெட்டிவிட்டார். முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது, அந்தப் பேச்சு இன்னும் முடிந்தபாடில்லை.

அந்தக் கணவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸின் படியில் ஒற்றைக்காலில் நின்று டிக்கெட் கிழித்த மனுஷன், போன மழையில் சொந்த வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆனைக்கும் அடி சறுக்கும். மாடியிலிருந்த அந்த வீட்டுக்கு வெட்டவெளியில் பதினாலு படி. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் காற்று. அவர் விழுந்த அன்று அங்கே வந்திருந்த அவருடைய அக்கா, ஆஸ்பத்திரியிலிருந்து அவரை நேரே தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். இரண்டு தெரு தள்ளி, தரைத்தளம்.

"பிடிச்சு ஏற ஒரு கம்பி இல்லாத படியில என் தம்பிய மறுபடி ஏத்த மாட்டேன். அவன் இங்கயே இருக்கட்டும்" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் டெய்லரம்மாவுக்குக் கோபம் கூடுதலாக வந்தது. தினமும் போய் அவரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். ஆனால் திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீடு வெறிச்சென்று கிடக்கும். அவர் ஊதித் தேய்ந்த விசில் மட்டும் மேஜை மேல் இருக்கும். அவர் இல்லாத வீடு அவளுக்குப் பிடிக்கவில்லை. சண்டை போடக்கூட ஆள் இல்லை.

கைப்பிடி செய்கிறவர்கள் எல்லாரும் இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். சரி, நாமே செய்வோம் என்று முடிவு செய்தாள். அது வாய்ச்சவடால் இல்லை. விரிசல் விட்ட தையல் மெஷின் காலை ஒட்டுவதற்காகப் போன வருஷமே சின்னதாக ஒரு மிக் வெல்டிங் மெஷின் வாங்கி, பழகி, அதே கையோடு துருப்பிடித்த வாசல் கேட்டையும் சரிசெய்திருந்தாள். பிடியிலுள்ள விசையை அழுத்தினால் கம்பி தானாக ஓடி வந்து உருகும். நூல்கண்டுக்குப் பதில் கம்பிச்சுருள், அவ்வளவுதானே என்பாள்.

இதுவரை இரும்பு. இப்போது எவர்சில்வர். வெல்டிங் சாமான் கடைக்காரர் அதற்குக் கம்பியும் வேறு, ஒட்டும்போது காற்று படாமல் காக்கிற கேஸும் வேறு என்று சொல்லி இரண்டையும் கொடுத்தனுப்பினார்.

முதலில் ஒரு துண்டுக் குழாயில் ஒரே இழுப்பாக ஒட்டிப் பார்த்தாள். சூட்டில் குழாய் வில்லாக வளைந்தது. மெல்லிய துணியை ஒரே இழுப்பில் தைத்தால் சுருங்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? அடுத்த குழாயில் இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி ஒன்று என்று வைத்தாள். குழாய் நேராக நின்றது. இணைப்பைச் சுற்றி மட்டும் மயில்கழுத்து நிறம் படிந்திருந்தது. புடவை என்றால் விட்டுவைத்திருப்பாள். கேட்டுக்கு வாங்கின கம்பி பிரஷ்ஷை எடுத்து அழுத்தித் தேய்த்தாள், பளிச்சென்று வந்தது.

எட்டு நாளில் வேலை முடிந்தது. படிகளில் துளை போட்டுக் கால்களை இறுக்கி, ஆட்டிப் பார்த்து, நாத்தனாருக்குப் போன் செய்தாள். வாயெல்லாம் பல். "ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க அண்ணி."

ஞாயிறுக்குள் இரண்டு நாள் மழை. நாத்தனார் வந்தபோது ஒவ்வொரு இணைப்பிலும் செம்புள்ளிகள்.

"எவர்சில்வர் துருப்பிடிச்சு இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் நாத்தனார். "இத நம்பியா அவன ஏறச் சொல்ற?"

டெய்லரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே கடைக்கு ஓடி, போனில் எடுத்த படத்தைக் காட்டினாள்.

"எந்த பிரஷ்ல தேச்சீங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"கேட்டுக்குத் தேச்சதுலதான்."

"அதான். அதுல ஒட்டியிருந்த இரும்புத்தூள் இதுல ஏறிடுச்சு. துருப்பிடிச்சது அந்தத் தூள்தான், உங்க ஒட்டு இல்ல. எவர்சில்வருக்குன்னு தனியா ஒரு பிரஷ் வேணும்மா. அத வேற எதுலயும் வைக்கக் கூடாது. யாருக்கும் குடுக்கவும் கூடாது."

டெய்லரம்மா கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். ஊருக்குத்தான் உபதேசம்! முப்பத்திரண்டு வருஷமாக ஒரு மனுஷனை அதற்காகத்தானே வறுத்தெடுத்தாள்?

புது பிரஷ்ஷும், இரும்புத்தூளைக் கரைக்கிற அமிலப் பசையும் வாங்கி வந்தாள். கையுறை மாட்டி, இணைப்புகளில் பசை தடவி, காத்திருந்து, கழுவித் தள்ளினாள். நாத்தனார் அதற்கும் ஒரு பரீட்சை வைத்தாள். எல்லா இணைப்பிலும் ஈரத்துணி சுற்றினாள்.

"மூணு நாள் இருக்கட்டும். ஒரு புள்ளி தெரிஞ்சாலும் அவன் என் வீட்டுலதான்."

தினமும் தானே வந்து துணியை நனைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்த்தாள். ஒரு புள்ளி இல்லை. கடைசி இணைப்பைத் தடவிக்கொண்டே, "அவன் விழுந்த சத்தம் இன்னும் என் காதுல இருக்கும்மா" என்றாள். டெய்லரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கண்டக்டர் படியின் அடியில் வந்து நின்றார். டெய்லரம்மா விசிலை அவர் சட்டைப்பையில் போட்டுவிட்டு, பிரஷ் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். மறைத்தால் நாத்தனார் சொல்லிவிடுவாள்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப நீயும் காலண்டர் வெட்டிட்ட."

"வெட்டிட்டேன். ஏறுங்க."

அவர் இரண்டு விசில் கொடுத்தார். வண்டி கிளம்பலாம் என்று அர்த்தம். கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். கீழே அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, பின்னால் மனைவி கையைத் தயாராக வைத்துக்கொண்டு, ஆனால் தொடாமல் வந்தாள். பத்தாவது படியில் நின்று மூச்சு வாங்கினார். கம்பி அசையவில்லை. பதினாலாவது படியில் கால் வைத்து, வாசல் நிலையைத் தொட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து விசிலை மறுபடி எடுத்தார்.

ஒரே ஒரு விசில். வண்டி நிற்கலாம்.