சாயக்காரரின் கைகள்

அறுபதுகளில் ஒரு மழைக்காலம் முழுவதும் என் அக்கா கால் முறிந்து காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான்தான் துணைக்கு இருந்தேன். அடுத்த கட்டிலில் ஒரு பெண் மூச்சுவிடவே திணறிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். ஒல்லியான மனிதர், முழங்கை வரை அரக்குச் சிவப்பு ஏறிய கைகள்.

மாலையில் கோயில் மணி கேட்டதும் வார்டே கைகூப்பும். அவர் மட்டும் குனிந்த தலை நிமிராமல் மனைவிக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருப்பார். சாமி இல்லை என்கிற கட்சி போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"எனக்கா சாமி இல்ல? வெள்ளிக்கெழம ஆனா அம்மன் கோயில்லதாம்மா இருப்பேன்," என்றார். "வூட்ல எல்லாரும் நல்லா இருக்கசொல்ல போவேன். நல்லா வச்சிக்கினு இருக்கியேன்னு சொல்லிட்டு வருவேன். இப்ப போய் நின்னா, எங்கள மறந்துட்டியான்னு கேக்கற மாதிரி ஆயிடும். அம்மன் பாத்துக்கினுதான் இருக்குது. இவ எழுந்து நடக்கட்டும், போறேன்."

சொல்லிவிட்டு ஊட்டத் தொடங்கினார். வேலைக்குப் போகாததால் அந்தக் கைகள் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டு வந்தன.

அக்காவை வீட்டுக்கு அழைத்துப் போன அன்று அந்தப் பெண் கண் திறக்கவில்லை. பிறகு என்ன ஆயிற்று என்று போய்க் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

வெள்ளிக்கிழமை தீபாராதனையில் எல்லோரும் அம்மனைப் பார்ப்பார்கள். நான் இன்றும் குவிந்த கைகளைத்தான் பார்க்கிறேன், எதுவும் சிவப்பாகத் தெரிகிறதா என்று.