சண்டு வத்தல்

விருதுநகரில் அந்த ஏசி பலசரக்குக் கடைக்குள் நுழைந்ததும் மிளகாய் வத்தல் நெடி மூக்கில் ஏற, சின்ன வயதில் அதே இடத்தில் நான் பார்த்த கமிஷன் கடை கண்முன் வந்தது. மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். உள்ளே வருகிற எல்லாரும் தும்முவார்கள், முதலாளி மட்டும் தும்மவே மாட்டார். அச்சங்குளத்திலிருந்து நாங்கள் கொண்டுபோன மூட்டைக்குள் கையை விட்டு ஒரு வத்தலை எடுப்பார், காதருகே குலுக்குவார், ஒடிப்பார், அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே சொல்வார்:

"என்னய்யா, பூராம் சண்டாக் கெடக்கு?"

சண்டு என்றால் நிறம் வெளுத்த கழிவு. எங்களுடையதோ அம்மா களத்தில் குனிந்து குனிந்து திருப்பிப் போட்டுக் காயவைத்த, ரத்தச் சிவப்பான வத்தல். திருப்பி ஏற்றிப் போனால் வண்டிச் சத்தக் கூலிக்கே கட்டாது என்பதால், அப்பா வாயைத் திறந்து மூடிக்கொண்டு, சண்டு விலைக்கே கொடுத்துவிடுவார். நாங்கள் படியிறங்குவதற்குள் அந்த மூட்டை முதல்தர அடுக்கில் ஏறியிருக்கும். நான் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

இப்போது கல்லாவில் முதலாளியின் மகன், பக்கத்து நாற்காலியில் கிழவராகிப்போன அதே முதலாளி.

"நம்ம பக்கத்து வத்தல்க்கா, முதல் தரம். எம்புட்டு வேணும்?" என்றான் மகன்.

ஒன்றை எடுத்துக் குலுக்கினேன், ஒடித்தேன். அருமையான வத்தல். கடை நிறையக் கூட்டம். கிழவரின் முகத்தைப் பார்த்தே சொன்னேன்:

"என்னய்யா, பூராம் சண்டாக் கெடக்கு?"

கையிலிருந்த பொட்டலங்களை இரண்டு பேர் திரும்ப வைத்தார்கள். கிழவர் வாயைத் திறந்து மூடினார்.

தெருவுக்கு வந்த பிறகுதான் தும்மினேன்.