துவக்குக் கூடத்துக்குள் பனி

நுவரெலியாவில் சீசன் காலத்தில் புதிதாக எது முளைத்தாலும், உள்ளே போய் எட்டிப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. அந்த ஏப்ரலில் டவுனில் ஒரு மாடியில் துவக்குச் சுடும் கூடம் திறந்திருந்தார்கள். யாரும் போய்ச் சுடலாம் என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தது. விட முடியுமா?

நான் வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்குகிறவன். வருஷப் பிறப்பு லீவு முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கவிருந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமை, பிள்ளைகள் இல்லாத வேனில் நானும் மனைவியும் மட்டும் டவுனுக்கு வந்திருந்தோம்.

“துவக்கெல்லாம் நமக்கு எதுக்குங்க?” என்றாள்.

“சும்மா பாத்துட்டு வந்துருவோம்.”

“நீங்க சும்மா பாக்குற ஆளா?” என்று முணுமுணுத்துக்கொண்டே படியேறினாள். பாதிப் படியில் நின்று ஒரு நிபந்தனையும் போட்டாள். “என்னத்த வேணும்னாலும் சுடுங்க. துவக்கோட நிக்கிற மாதிரி போட்டோ மட்டும் எடுத்துறாதீங்க.” சண்டைக் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு, படத்தைக் கண்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்கிற அந்தப் பயம் இன்னும் போகவில்லை. நான் சிரித்தேன். ஆனாலும் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வெடிமருந்து வாடை அடிக்கும் என்று எதிர்பார்த்துப் போனால், புதுப் பெயின்ட் வாடைதான் அடித்தது. தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகளுக்கு நடுவிலுள்ள சுவர்களையெல்லாம் இடித்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு நீள அறை. ஜன்னலே இல்லை. தூரத்துக் கோடியில் பளிச்சென்ற லைட்டுகள், அவற்றின் கீழே கறுப்பு வட்டம் போட்ட அட்டைகள், அட்டைகளுக்குப் பின்னால் தடித்த ரப்பர் விரிப்பு. கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிங்களவர். முடியை இன்னும் ஒட்ட வெட்டியிருந்தார். என்னை “மல்லி” என்று தம்பி முறை வைத்துக் கூப்பிட்டார்.

நிஜக் குண்டு இல்லை, காற்றழுத்தத்தில் சுடுகிற துவக்கு என்றார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அதைக் கேள்வி கேட்டே தீர்த்துக்கொண்டேன். அந்தச் சின்ன ஈயக் குண்டுக்கு ஏன் நடுவில் இடுப்பு ஒடுங்கியிருக்கிறது? சுட்டது திரும்பித் தெறிக்குமா? கண்ணாடி போடச் சொல்வது அதற்குத்தானா? எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். துவக்கைக் கையில் வாங்கிய பிறகும் இன்னொன்று கேட்க அவர் பக்கம் திரும்பினேன். துவக்கும் என்னோடு சேர்ந்து திரும்பியது. அவர் திட்டவில்லை. குழலை இரண்டு விரலால் பிடித்து அட்டைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, “குண்டு போடாவிட்டாலும் வாய் அந்தப் பக்கம்தான் பார்க்க வேண்டும்” என்றார்.

“வீட்டிலும் இவர் இப்படித்தான்” என்று என் மனைவி அவரிடம் சிங்களத்தில் சொன்னாள்.

குழலின் மேல், பின்னால் இருக்கிற பள்ளத்துக்குள் முன்னால் இருக்கிற முள் தெரிய வேண்டும், முள்ளின் நுனியில் கறுப்பு வட்டம் உட்கார வேண்டும். இடது கண்ணை மூடு, வலது கண்ணால் பார். இதுதான் பாடம்.

மூடினேன். அட்டையைப் பனி மறைத்துக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் பனி கூப்பிடாமலே வீட்டுக்குள் வந்து உட்காரும். அதனால் எனக்கு ஆச்சரியமே இல்லை. தலையைத் தூக்கி, “உள்ளே பனி வந்துவிட்டது, கதவைச் சாத்தச் சொல்லுங்கள்” என்றேன்.

அவர் கதவைப் பார்த்தார். சாத்தித்தான் இருந்தது. மனைவி பின்னால் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. “இப்போது வலது கண்ணை மூடுங்கள்” என்றார்.

மூடினேன். வட்டத்தின் ஒவ்வொரு கோடும் தெளிவாகத் தெரிந்தது. மறுபடி இடது கண்ணை மூடினேன். பனி. திறந்தேன். தெளிவு. சின்னப் பிள்ளை லைட் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிற மாதிரி மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குப் பயம் வரவில்லை. ஒரு கண்ணுக்கு மட்டும் எப்படிப் பனி வரும் என்கிற ஆராய்ச்சிதான் ஓடியது.

அவர் துவக்கை என் இடது தோளுக்கு மாற்றி வைத்தார். சுட்டேன். நடுவட்டத்துக்குப் பக்கத்தில் ஓட்டை விழுந்தது. மனைவி கைதட்டினாள்.

புறப்படும்போது, “மல்லி என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள். “ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் இல்லை.” அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “சீக்கிரம் கண்ணைக் காட்டுங்கள்” என்றார்.

வேனில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தபோதுதான் பயம் வந்தது. தைப்பொங்கலிலிருந்து பனியைத் திட்டிக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். வைப்பர் ரப்பர் சரியில்லை என்று கடைக்காரனோடு சண்டை பிடித்து மாற்றியிருக்கிறேன். எங்கள் ரோட்டில் எதிரே வருகிற வண்டி வலது பக்கமாகத்தான் வரும். இடது கண் நன்றாகத்தானே இருக்கிறது, அடுத்த லீவு வரைக்கும் சமாளித்துவிட்டால் என்ன என்றும் ஒரு நினைப்பு ஓடியது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?

“இந்த வருஷம் பனி ஜாஸ்தி இல்ல?” என்று கேட்டேன்.

“எங்கங்க பனி? வெயில்ல கொழுந்தே இல்லாம கெடக்கு. ஏன் கேக்குறீங்க?”

சொன்னேன். ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“அப்ப அன்னிக்கு தலவாக்கலை வளைவுல, அந்த பஸ்ஸ நீங்க பாக்கவே இல்லையா?”

அன்றைக்கு வேன் நிறையப் பிள்ளைகள். இவளும் முன் சீட்டில் இருந்தாள். பனிக்குள்ளிருந்து திடீரென்று வந்துவிட்டான் என்று அந்த டிரைவரைத்தான் நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

“ஹாரன் கேட்டுத்தான் ஸ்டியரிங்க ஒடிச்சேன்” என்றேன்.

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். “எறங்குங்க. பஸ்ல போவோம்.”

பஸ் நானுஓயாவைத் தாண்டும்போது, முதலில் ஏறுகிற பிள்ளையின் தகப்பனுக்குப் போன் பண்ணினேன். திங்கட்கிழமை வேன் வராது என்றேன். அந்த வார்த்தையை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. “ஏங்கண்ணே, வேனுக்கு ஏதாச்சும் கோளாறா?” என்று கேட்டார்.

மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேன் நல்லாத்தான் இருக்குங்க” என்றேன். “எனக்குத்தான் கண்ணு தெரியல.”