ஒரே பாயில் படுக்கவைத்தவர்

பெரியமாமா இறந்த செய்தி வந்தபோது நான் பதுளையில், ஆய்வுகூடத்தில், இரத்த மாதிரிக் குழாய்களை மெஷினில் சுற்றவிட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி, பெரியமாமா போயிட்டாரு. மூச்சு வாங்குச்சாம், தண்ணி கேட்டாராம், அவ்வளவுதான்" என்றாள் அக்கா.

"சரி."

"சரின்னா? மனுசன் செத்துட்டாருன்னு சொல்றேன்."

"மெஷின் சுத்துது. முடிஞ்சதும் வர்றேன்."

நினைவுப் பூசையன்று கொடுக்கிற சிறு நினைவு மலருக்கு மாமாவைப் பற்றி எழுதித் தரும்படி மாமி கேட்டார். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். நல்லதாக எழுதச் சொன்னவர்தான், ஆனாலும் நிறுத்தச் சொல்லாமல் கடைசிவரை கேட்டார். பிறகு, "அவரும் உங்களைப் பத்தி இப்படித்தான் பேசுவாரு. அச்சடிங்க" என்றார். ஆகவே அச்சடிக்கிறோம்.

பெரியமாமா செபஸ்தியான் ஐயா என் அம்மாவின் அண்ணன். நமுனுகுல மலையடியில் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் லயத்து வரிசை வீட்டு மக்கள் அவர் வாசலுக்குத்தான் வந்தார்கள். மண் சரிந்து பசறை ரோட்டு அடைபட்ட ஒரு மழையில், வலி எடுத்த பெண்ணைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு ஆட்களோடு நடந்தவர் அவர். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அது உண்மை. செத்த வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். மற்றதை யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

மாமாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. லயத்தில் ஒரு பிள்ளைக்குச் சின்னமுத்து என்கிற தட்டம்மை கண்டால், தடுப்பூசி போடாத மற்றப் பிள்ளைகளையும் அந்த வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரே பாயில் படுக்கவைக்கச் சொல்வார். காரணம் மடத்தனமானதல்ல. பிள்ளைகள் ஒவ்வொன்றாக விழுந்தால், தாய்மாரும் ஒவ்வொருவராக வீட்டில் நிற்க வேண்டும். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாத நாளுக்குப் பேர் பதியமாட்டார்கள், பேர் இல்லாவிட்டால் சம்பளம் கிடையாது. "ஒரேயடியா வந்துட்டு ஒரேயடியா போகட்டும். ஒருக்கா வந்தா ஆயுசுக்கும் வராது" என்பார். எந்த டாக்டரும் வந்து மறுக்காத ஊரில் இது சட்டமாகிவிட்டது.

அக்காவின் மூத்தவள் ஜெனிபருக்கு ஒன்பதாம் மாத ஊசி தவறிப்போனது. அன்று அவளுக்குக் காய்ச்சல். அடுத்த கிளினிக்குக்கு அக்கா புறப்பட்டபோது மாமா மறித்திருக்கிறார். "விடு புள்ள, தானா வந்தா இன்னும் நல்லா நிக்கும்." அடுத்த கொழுந்துக் காலத்தில் மேல்லயத்தில் சின்னமுத்து வந்தது. மாமாவே ஜெனிபரைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பாயில் கிடத்தினார். நான் அப்போது கண்டியில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சொன்னது எல்லாம் முடிந்த பிறகு.

சின்னமுத்து ஆறியது. பிள்ளை ஆறவில்லை. அந்த வருடம் முழுக்க மாறி மாறிச் சளி, காய்ச்சல். ஒரு தடவை நிமோனியா, பதுளை ஆஸ்பத்திரியில் ஒட்சிசன். பிறகு காதில் சீழ். இடது காது கேட்காமல் போனது.

பயிற்சி முடித்து வந்த கையோடு மாமாவிடம் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மருமகனே, இன்னைக்கு யாரோட மூத்திரம் பாத்தீங்க?"

"ஜெனிபர் காதைப் பத்திப் பேச வந்தேன்."

"அது பனி. சின்னமுத்து போய் எவ்வளவு நாளாச்சு? ரெண்டையும் முடிச்சுப் போடாதீங்க."

முடிச்சுப் போட்டுத்தான் சொன்னேன், அவருக்குப் புரிகிற கணக்கில். உடம்பில் டி கலங்கள், டி செல்கள், என்று காவல் ஆட்கள் இருக்கிறார்கள். புதிதாக ஒரு கிருமி வந்தால், அதை அடையாளம் காணக்கூடிய ஒன்றிரண்டு பேர் பெருகிப் பெருகிப் பெரும் படையாகிறார்கள். கொழுந்து பொங்குகிற காலத்தில் துரை வெளியாட்களைக் கொண்டுவந்து மலையில் இறக்குவாரே, அப்படி. வேலை முடிந்ததும் பெரும்பாலானவர்களை அனுப்பிவிடுவார்கள். உடம்பில் அனுப்புவது என்றால் சாவது. கொஞ்சப் பேரை மட்டும் உடம்பு நிறுத்திக்கொள்ளும். அவைதான் நினைவுக் கலங்கள். நிணநீர்க்கணுவில், எலும்பு மச்சையில், நுரையீரல் ஓரத்தில் கிடக்கும். கிருமி இல்லாத வருடங்களிலும் மெதுவாகப் பிரிந்து தங்கள் தொகையைக் குறையவிடாமல் பார்த்துக்கொள்ளும். அதே கிருமி திரும்ப வந்தால் முதல் தடவை போல வாரக்கணக்கில் தயாராகத் தேவையில்லை. உடனே கிளம்பும்.

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்றார் மாமா. "ஒருக்கா வந்தா ஆயுசுக்கும் நிக்கும்."

பாதி சரி. அந்தப் பாதிதான் எனக்கு ஆத்திரம்.

"கேளுங்க. சின்னமுத்து வைரசு அதிகமா நுழையுறதே அந்த நினைவுக் கலங்களுக்குள்ளதான். மத்தக் கிருமிகளோட சண்டை போட்டுச் சேர்த்து வெச்ச ஆட்களைத் தேடிக் கொல்லுது."

"அப்ப சின்னமுத்து ரெண்டாந்தரம் வரணுமே? ஏன் வரல?" கேள்வி நல்ல கேள்வி. மனிதர் முட்டாள் அல்ல.

"தன்னை அடையாளம் காண மட்டும் புது ஆள் வெச்சுட்டுப் போகுது. மத்த வேலைக்கு இருந்த ஆட்களை அழிச்சிட்டுப் போகுது. பிள்ளை பழைய சளியையெல்லாம் புதுசா சந்திக்கணும். ஊசியில இருக்கிற வைரசு பலவீனமானது. அது ஆளை வெச்சுட்டுப் போகும், யாரையும் அழிக்காது."

ஜெனிபரின் காது அதனால்தான் போனது என்று என் ஆய்வுகூடத்தில் எந்தப் பரிசோதனையும் நிரூபிக்காது. அதையும் சொன்னேன், பொய் சொல்லிச் சண்டை பிடிக்க எனக்குத் தெரியாது. மாமா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா, நீங்களே சொல்றீங்க நிரூபிக்க ஏலாதுன்னு. போங்க மருமகனே, போய் மூத்திரத்தைப் பாருங்க."

அதன் பிறகு ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வரும் வழியில், மாமா பின்னாலிருந்து ஜெனிபரைக் கூப்பிட்டார். இடது பக்கம். அவள் திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். "திமிர் புடிச்சது, அம்மாக்காரி வளர்ப்பு" என்றார் சத்தமாக. அக்கா நின்றாள்.

"திமிரு இல்ல மாமா. அந்தக் காது செத்துப் போச்சு. ஒங்களுக்குத் தெரியாதா?"

ரோட்டில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். மாமா வேகமாக நடந்துபோனார். ஆனால் அன்றிலிருந்து ஜெனிபரைக் கூப்பிட வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து நின்றுதான் கூப்பிட்டார். அதை மன்னிப்பாக எடுத்துக்கொள் என்கிறாள் அக்கா. நான் எடுக்கவில்லை. வாய் இருந்த மனிதர், வாயால் கேட்டிருக்கலாம்.

கேட்டிருந்தால் லயத்தில் அந்தப் பாய் வழக்கம் அன்றே செத்திருக்கும். என் கோபம் அதுதான். பெரியமாமா தமக்குள் திருந்தினாரோ என்னவோ, ஊருக்கு அவர் சொன்ன சொல் திருந்தவில்லை. நெஞ்சு நோய் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "ஊசி போட்ட பிள்ளைக்கும் வருதே, அதுக்கென்ன சொல்றீங்க?" என்று கேட்டார். "அபூர்வமா வரும், வந்தாலும் பெரும்பாலும் லேசாத்தான் போகும்" என்றேன். "லேசாம்" என்று சிரித்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் கடைசிப் பேச்சு அது.

அடக்கத்தன்று தோட்டத்தின் பக்கத்துப் பிரிவில் மறுபடியும் சின்னமுத்து என்று செய்தி வந்தது. அக்காவின் சின்னவனுக்கு அப்போதுதான் ஒன்பது மாதம். செத்த வீட்டிலேயே, பெட்டி பக்கத்திலேயே, சித்தி ஒருவர் அக்காவிடம் சொன்னார்: "ஐயா இருந்திருந்தா இந்நேரம் சின்னவனை அங்க கொண்டுபோகச் சொல்லியிருப்பாரு. அவரு சொல்லுக்கு மரியாதையா நீயே கொண்டுபோ."

நான் கத்தினேன். செத்த வீடு என்று பார்க்கவில்லை. "இன்னொரு காது வேணுமா ஒங்களுக்கு?" என்றேன்.

"கத்தாத தம்பி" என்றாள் அக்கா. அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் பயம்.

மூன்றாம் நாள் செபமும் கிளினிக்கும் ஒரே காலையில் வந்தன. மாமாவின் செபச் சாப்பாட்டுக்கு மருமகள்தான் அடுப்படியில் நிற்க வேண்டும். சோறு கொதிக்கும்போது அக்கா கரண்டியை மாமியின் கையில் கொடுத்தாள். "கொஞ்சம் பாத்துக்குங்க மாமி, கிளினிக்குக்குப் போயிட்டு வர்றேன்." மாமி அவளைப் பார்த்தார். "பஸ் போயிரப் போகுது, வெரசா போ" என்றார். பின்னால் சித்தி பேசிக்கொண்டிருந்தார்: "மாமன் சாப்பாட்டை விட்டுட்டு ஊசி குத்தப் போறாளாம். காலம்!"

உபதேசியார் கடைசிச் செபம் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா திரும்பி வந்தாள். சின்னவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். காலி இடம் மாமாவின் படத்துக்கு முன்னால் மட்டும்தான் இருந்தது. அவனை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். யாரும் வாயை மூடு என்று சொல்லவில்லை. உபதேசியார்தான் குரலை உயர்த்த வேண்டி வந்தது.

பெரியமாமா, நீங்கள் கம்பளியில் தூக்கிக்கொண்டு நடந்ததை நான் மறுக்கவில்லை. பாயில் கிடத்தியதையும் விடப் போவதில்லை. உங்கள் படத்துக்கு முன்னால் கத்திய அந்தப் பயலின் உடம்பில் அந்த நேரம் ஆட்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் கொஞ்சப் பேர் அவன் கிழவனாகும்வரை நிற்பார்கள். இந்தச் சண்டையில் நீங்கள் தோற்றுவிட்டீர்கள். நிம்மதியாகப் படுங்கள்.