தபீதாள் எழுதிய காம்போசிஷன்

சித்தூர் மிஷன் காம்பவுண்டில் இன்டர்மீடியட் தேறிய முதல் பெண் தபீதாள் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும். அவள் எதை எழுதித் தேறினாள் என்று தெரிந்தவர்கள் அவளும் மிஸ்ஸம்மாவும் நானும்தான்.

என் பெயர் கிருபாவதி. மிஷன் பெண்கள் பள்ளியில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து வகுப்பு டீச்சர்கள். நாற்பத்தாறாம் வருஷம் இருவரும் பிரைவேட்டாகப் பரீட்சைக்குக் கட்டினோம். எனக்கு வீம்பு. அவளுக்கு வேறு வழியில்லை. அந்தத் தடவை தேறாவிட்டால் அவளைச் சாந்திபுரத்துப் பள்ளிக்கு மாற்றிவிடுவது என்று மிஷனில் முடிவாகியிருந்தது. அங்கே டீச்சருக்குத் தனி வீடு கிடையாது, போர்டிங் பெண்களோடு ஒரே ஹாலில் படுக்க வேண்டும். அவள் நைனா ஜீவரத்தினம் முப்பது வருஷம் மிஷன் மாட்டுவண்டி ஓட்டியவர். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. மகள் தட்டைக் கையில் கொடுத்தால்தான் சோறு. அவரை யாரிடம் விட்டுவிட்டுப் போவாள்?

மற்ற பாடங்கள் பயமில்லை. இங்கிலீஷ் காம்போசிஷன்தான் எமனாக நின்றது. எங்கள் பள்ளியை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸம்மா சாயங்காலங்களில் சொல்லிக்கொடுத்தார். வாரம் ஒரு தலைப்பு. நாங்கள் எழுதுவோம், அவர் சிவப்பு மசியில் திருத்துவார், திருத்தியதை நல்ல பிரதி எடுத்து மனப்பாடம் செய்ய வேண்டும். மனப்பாடம் எங்களுக்குப் புதிதா? ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் வேத வசனம் ஒப்பித்தே வளர்ந்தவர்கள். ஒரு சொல் பிசகினால் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். வரி தப்பாமல் வந்தால் போதும், அர்த்தம் கர்த்தருக்குத் தெரியும்!

ஜனவரியில் ஒரு வாரம் ‘மறக்க முடியாத ஒரு நாள்’ என்று தலைப்புக் கொடுத்தார். தபீதாள் தன் தாய் செத்த நாளை எழுதினாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. பிரசவத்துக்குக் காணிப்பாக்கத்துப் பக்கம் தாய்வீட்டுக்குப் போயிருந்த அந்தத் தாய்க்கு இரண்டு நாளாக வலி, பிள்ளை இறங்கவில்லை. ஆறு பெருகி ஓடியது. ஊர் வண்டிக்காரன் எவனும் தண்ணீரில் இறங்க மாட்டேன் என்றான். மிஷன் மாடுகள் தண்ணீருக்கு அஞ்சாதவை. ஜீவரத்தினம் சித்தூருக்கு ஓடிவந்து மிஸ்ஸம்மாவிடம் மாடு கேட்டார். அன்றும் இதே மிஸ்ஸம்மாதான். மாடுகள் காலையில்தான் கிராமக் கேம்ப் முடிந்து வந்திருக்கின்றன, இன்று ஓய்வு, நாளைக்குக் கொண்டுபோ என்றார். அவர் திரும்ப ஓடினார். பெண்டாட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் ஆற்றைக் கடந்தார். ஆஸ்பத்திரி கேட்டுக்கு வந்தபோது தோளில் உயிர் இல்லை.

தாள் திரும்பி வந்தபோது முக்கால்வாசி சிவப்பு. மாடுகளைக் காணோம். கடந்த ஆற்றையும் காணோம். மிஸ்ஸம்மாவின் திருத்தத்தில் ஜீவரத்தினம் சாராயக் கடையில் விழுந்து கிடந்தார். நல்ல மனசுள்ள ஒரு வெள்ளைக்கார அம்மாள் தானே வண்டி கட்டிக்கொண்டு போனார், அதற்குள் காலம் கடந்துவிட்டது.

“எங்க நைனா கள்ளயே கையால தொட்டதில்லீங்க, மிஸ்ஸம்மா” என்றாள் தபீதாள்.

மிஸ்ஸம்மா தம் வேதாகமத் தமிழில் பொறுமையாகச் சொன்னார்: “மகளே, இது சாட்சி அல்ல, காம்போசிஷன். நீ எழுதினது முறுமுறுப்பாய்த் தொனிக்கிறது. பரீட்சை திருத்துகிறவர் விரும்பமாட்டார்.”

அவள் அதையே நல்ல பிரதி எடுத்தாள். இரண்டு மாதம் நான்தான் உட்கார்ந்து ஒப்பிக்கக் கேட்டேன். அதனால் அந்தப் பாழாய்ப்போன காம்போசிஷன் எனக்கும் மனப்பாடம்.

திருப்பதியில் பரீட்சை. பாகாலாவில் ரயில் மாறினோம். மலைக்குப் போகிற கூட்டத்தில் நெருக்கியடித்து நின்றபடி என் காதில் சொன்னாள்: “அந்தத் தலைப்பு வந்தா உள்ளத எய்திடப்போறேன், அக்கா.”

“எய்திட்டு சாந்திபுரம் போ” என்றேன். பாவி, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

தலைப்பு வந்தது. நான் இன்னொரு தலைப்பான ரயிலின் பயன்களை எழுதிவிட்டு வெளியே வந்து காத்திருந்தேன். மணி அடித்த பிறகுதான் அவள் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“ரெண்டு வரி எய்தினேன், அக்கா. அதுக்குமேல இங்கிலீஷ் வரல. தமிழ்லயே அழுதுகினு உக்காந்திருந்தேன். அரை மணிதான் இருக்குதுன்னாங்கோ. அத அடிச்சிட்டு, மிஸ்ஸம்மா திருத்தினதயே எய்திட்டேன்.”

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? அவள் சட்டியில் இருந்த இங்கிலீஷ் முழுவதும் மிஸ்ஸம்மா போட்டது.

ரிசல்ட் வந்தது. நான் ஃபெயிலாய்ப் போனேன், அவள் தேறினாள். என்ன எழுதினாய் என்று நைனா கேட்டதற்கு “உன்னப் பத்தித்தான்” என்று வாய் தவறிச் சொல்லியிருக்கிறாள். வந்தது வினை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாட்சி சொல்கிற நேரத்தில் கிழவர் தடியை ஊன்றி எழுந்தார்.

“எம் பொண்ணு என்னப் பத்தி எய்திப் பாஸாயிருக்குது. வண்டிக்காரனப் பத்தி, இங்கிலீஷ்ல! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.”

முன் பெஞ்சில் மிஸ்ஸம்மா கண்ணை மூடிக்கொண்டு ஆமென் என்றார். தபீதாள் தலையைத் தூக்கவில்லை.

மத்தியானம் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. கிழவர் விடவில்லை. “எய்தினத தமிழ்ல சொல்லும்மா, கேக்கறேன்” என்றார். அவள் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள். மழை, வலி, மாடு கேட்கப் போனது, ஆறு, தோள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். பரீட்சையில் வராதது எல்லாம் தமிழில் தடையில்லாமல் வந்தது.

கிழவர் சோற்றைப் பிசைந்தபடியே மெல்லக் கேட்டார்:

“மாடு தரமாட்டேன்னு சொன்னத்தயுமா எய்திட்டே? மிஸ்ஸம்மா படிச்சா மனசு நோவாதா?”

“இல்ல நைனா. அத எய்தல.”

“நல்ல காரியம் செஞ்சே” என்று முதல் கவளத்தை எடுத்தார். “அவங்க உப்பத் துன்னவங்க நாம.”