அய்யாவின் காதில் ஏறாத குரல்

எங்கள் வீட்டில் அண்ணன் சொன்னால்தான் அய்யாவுக்குக் காது கேட்கும். இதை நான் ஆறாம் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் தேக்கடிக்கு டூர் என்றார்கள். ஏரியில் படகு, கரையில் யானை. மறுநாளே பெயர் கொடுக்க வேண்டும். அம்மா, "உங்கய்யாவக் கேளு" என்று முடித்துவிட்டாள்.

அய்யாவுக்குத் தேனியில் நூல் மில்லில் வேலை. ஷிப்டு முடிந்து வந்ததும், புருவத்தில் ஒட்டிய பஞ்சு போகத் தொட்டியடியில் உட்கார்ந்து தலைக்கு ஊற்றிக்கொள்வார். முகம் பார்த்துக் கேட்க எனக்குக் கூச்சம். முதுகுப் பக்கம் போய் நின்றேன்.

"அய்யா, தேக்கடிக்கு டூர் போறாக. நானும் போகட்டா?"

ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். மறுபடி கேட்டேன். இன்னொரு செம்பு.

அண்ணனுக்கு அந்த வருடம்தான் தொண்டை உடைந்து தவளைக் குரலாகியிருந்தது. வாசலில் நின்றபடியே, "அய்யா, கபடிக்குக் கோம்பைக்குப் போறேன்" என்றான்.

"போயிட்டு வாலே. காலு கீல ஒடிச்சுக்கிட்டு வந்துராத" என்றார் அய்யா, திரும்பாமலே.

"நான் கேக்குறது மட்டும் காதுல விழலையா?" என்று கீச்சுக் குரலில் கத்தினேன். அய்யா சோப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏன்டி தொண்டையக் கிழிக்கிற?" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. "உங்கய்யாவுக்கு ஆம்பளக் கொரலுதான் காதுல ஏறும். நானுந்தான் எத்தன வருசமாக் கத்திக்கிட்டுக் கெடக்கேன். இரு, நான் சொல்றேன்."

"ஒண்ணும் வேணாம்!"

டூர் பஸ் நான் இல்லாமலே போனது.

அம்மா எரிச்சலில் சொன்னது அச்சு அசல் உண்மை என்று, அய்யா வேலையை விட்டு நின்ற பிறகு மதுரையில் காது டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. காதுக்குள் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருளாம். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள். வாசல் பக்கத்து மயிர்கள் கீச்சுச் சத்தத்துக்கு, கடைசியில் இருப்பவை கனத்த சத்தத்துக்கு. மில் இரைச்சலில் வாசல் பக்கம்தான் முதலில் பட்டுப்போகுமாம். குருவி, கொலுசு, அம்மா, நான் எல்லாரும் அந்த வாசலில்தான் இருந்திருக்கிறோம்.

மில்லை நடத்தியவர்களில் இது தெரிந்தவர் ஒருவர்கூடவா இல்லை? மெஷினுக்குத் தவறாமல் எண்ணெய் போட்டார்கள். பக்கத்தில் நின்ற மனிதனின் காதை எட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் பேசும்போது அய்யா என் வாயையே பார்ப்பார். பொய் சொல்கிறேனா என்று பார்க்கிறார் என நினைத்திருந்தேன். வாயசைவை வைத்துத்தான் என் பேச்சைப் புரிந்துகொண்டிருக்கிறார்.

பஸ் போன அன்று சாயங்காலம், "ஏன் ஆத்தா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று குனிந்து குனிந்து என் முகத்துக்கு நேரே வந்தார். இவருக்கு நன்றாக வேண்டும் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டூர் போனதை, நான் கேட்டதை, அவர் அண்ணனுக்கு மட்டும் பதில் சொன்னதை, ஒன்று விடாமல் சுவரைப் பார்த்துச் சொன்னேன்.